ஃபார்மட் ஆன மெமரி கார்டும் ஃபோட்டோரெக் மீட்ட படங்களும்

அப்பாவின் மணிவிழா முடிந்த மறுநாள், கேமராவின் 32 ஜிபி மெமரி கார்டை என் தம்பி மடிக்கணினியில் செருகியபோது, இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் ஒரு பெட்டியைத் திறந்து காட்டியது. வழக்கமாக வரும் அறிவிப்புதான் என்று நினைத்து அவனும் சம்மதம் கொடுத்துவிட்டான். சில நொடிகளில் கார்டு காலியாகத் தெரிந்தது. மாலை மாற்றிய படங்கள், கலசாபிஷேகப் படங்கள், எண்பதைக் கடந்த பெரியம்மா ஊரிலிருந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற படங்கள் என ஏறத்தாழ 1,100 படங்கள் அதில் இருந்தன. தரவு மீட்பு செய்து தரும் ஒரு கடையில் விசாரித்தபோது, படங்கள் திரும்ப வருமா என்று பார்த்துச் சொல்வதற்கே முன்பணம் கேட்டார்கள். அதன் பிறகே ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை நானே இயக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இது அந்த அனுபவத்தை வைத்து எழுதும் மதிப்புரை.

ஃபோட்டோரெக்கும் அதனுடன் ஒரே தொகுப்பாக வரும் டெஸ்ட்டிஸ்க்கும் கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற நிரலாளர் பல ஆண்டுகளாக உருவாக்கிப் பராமரித்துவரும் திறமூல மென்பொருள்கள், அதாவது நிரல்வரிகளை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடியவை. ஜிஎன்யு பொது உரிமத்தின் கீழ் வெளியாவதால் கட்டணம் இல்லை. இத்தனை மெகாபைட் வரைதான் இலவசம், அதற்கு மேல் பணம் கட்ட வேண்டும் என்று பாதி வழியில் நிறுத்தும் வழக்கமும் இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்குகின்றன. நான் பயன்படுத்தியது 2024இல் வெளியான 7.2 பதிப்பு. தேடுபொறியில் இந்தப் பெயர்களைத் தேடினால் வேறு பல தளங்களும் பதிவிறக்க இணைப்புகளைக் காட்டும் என்பதால், சிஜிசெக்யூரிட்டி என்ற அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நிறுவும் வேலை எதுவும் கிடையாது. ஜிப் கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் நிரலை நிர்வாகி அனுமதியுடன் திறந்தால் போதும்.

இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால்தான் இதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெரியும். ஃபார்மட் செய்யும் பெட்டியில் விரைவு ஃபார்மட் என்ற கட்டம் இயல்பாகவே தேர்வு செய்யப்பட்டிருக்கும். அந்த முறையில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை மட்டுமே புதிதாக எழுதப்படுகிறது. படங்களின் தரவு கார்டில் அப்படியே கிடக்கிறது. ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேடு எரிந்துபோனாலும் வீடுகள் தெருவில் நிற்பதைப் போன்றது இது. ஃபோட்டோரெக் அந்தப் பதிவேட்டைத் தேடுவதே இல்லை. தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு வாசலையும் பார்க்கிறது. ஒரு ஜேபெக் படம் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளுடன்தான் தொடங்கும். பிடிஎஃப் கோப்பு ஒரு சதவீதக் குறியுடனும் பிடிஎஃப் என்ற எழுத்துகளுடனும் தொடங்கும். இப்படி 480க்கும் மேற்பட்ட கோப்பு நீட்டிப்புகளுக்கான அடையாளங்களை அது அறிந்து வைத்திருக்கிறது. அதனால் அட்டவணை முழுவதும் சிதைந்துபோன கார்டிலிருந்தும் அதனால் கோப்புகளை எடுக்க முடிகிறது. ஆனால் கோப்பின் பெயரும் அது இருந்த ஃபோல்டரும் அட்டவணையில்தான் எழுதப்பட்டிருந்தன என்பதால் அவை திரும்ப வருவதில்லை.

இதே காரணத்தால்தான் விரைவு ஃபார்மட் கட்டத்திலிருந்த குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்தவர்களுக்கு என்னால் ஆறுதல் சொல்ல முடியவில்லை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு ஃபார்மட் என்பது டிரைவ் முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதிவிடுகிறது; அதற்குப் பிறகு மீட்பதற்கு அங்கே எதுவும் இருக்காது. மடிக்கணினிகளின் உள்ளே இருக்கும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிரைவ்களிலும் நம்பிக்கை குறைவு. கோப்பை நீக்கியதும் டிரிம் என்ற கட்டளையை இயங்குதளம் அனுப்பிவிடுவதால், காலியான இடத்தை டிரைவே துடைத்துவிடுகிறது. மெமரி கார்டு, பென் டிரைவ், பழைய வகை ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில்தான் இந்த மென்பொருளின் முழு வலிமையும் தெரிகிறது.

எங்கள் கார்டு விஷயத்தில் தம்பி செய்த ஒரு நல்ல காரியம், தவறு புரிந்த உடனே கார்டை வெளியே எடுத்துவிட்டது. அதன் மேல் ஒரே ஒரு படத்தைப் புதிதாக எடுத்திருந்தாலும், பழைய படம் ஏதாவது ஒன்றின் இடத்தில்தான் அது எழுதப்பட்டிருக்கும். நான் முதலில் டெஸ்ட்டிஸ்க்கில் உள்ள படிமம் உருவாக்கும் வசதியைக் கொண்டு கார்டின் முழு நகலை ஒரே கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, அந்த நகலின் மேல்தான் மீட்பு வேலையைத் தொடங்கினேன். ஃபோட்டோரெக் தான் ஆராயும் கார்டில் எதையும் எழுதுவதில்லை, வாசிக்க மட்டுமே செய்கிறது என்பதால் கார்டில் நேரடியாகவும் இயக்கலாம். என்றாலும் சேமிப்பகமே பழுதடையத் தொடங்கியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால், நகல் எடுத்துச் செய்வதே பாதுகாப்பு. சத்தம் எழுப்பும் ஹார்ட் டிஸ்க்கை எந்த மென்பொருளிலும் ஓட்டிப் பார்க்க வேண்டாம்; அது கருவிகள் உள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டிய வேலை.

பயன்படுத்தும் வசதி என்ற வகையில் இதற்கு அதிக மதிப்பெண் கொடுக்க முடியாது. மூல ஃபோட்டோரெக் கறுப்புத் திரையில் அம்பு விசைகளால் நகர்ந்து தேர்வு செய்யும் பழைய பாணியில் இருக்கிறது. க்யூஃபோட்டோரெக் என்ற சாளர வடிவமும் அதே தொகுப்பில் உண்டு. புதியவர்கள் அதையே திறக்கலாம். அதிலும் தமிழ் இடைமுகம் இல்லை. டிரைவ்களின் பெயர்களை நமக்குப் பழக்கமான முறையில் காட்டாததால், அளவைப் பார்த்துத்தான் நம்முடைய கார்டை அடையாளம் காண வேண்டியிருக்கிறது. 32 ஜிபி என்று விற்கப்படும் கார்டு விண்டோஸில் 29 சொச்சமாகத் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். அடுத்து கோப்பு முறைமை, அதாவது டிரைவில் கோப்புகள் அடுக்கப்படும் முறை, எந்த வகை என்று கேட்கிறது. மெமரி கார்டுக்கும் பென் டிரைவுக்கும் ஃபேட், என்டிஎஃப்எஸ் என்று எழுதியிருக்கும் தேர்வே பொருந்தும். காலி இடத்தில் மட்டும் தேடவா, முழுவதும் தேடவா என்ற கேள்விக்கு, அட்டவணை சிதைந்த நிலையில் முழுவதும் என்றே கொடுக்க வேண்டும். மீட்ட கோப்புகளை வைக்கும் இடம் கட்டாயம் வேறொரு டிரைவில் இருக்க வேண்டும். அதே கார்டைக் காட்டினால், மீட்கும் படமே மீட்கப்படாத படத்தை அழித்துவிடும்.

கோப்பு வகைகளின் பட்டியலில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஜேபெக்கையும் வீடியோ வகையையும் மட்டும் வைத்துக்கொண்டேன். தேவையற்ற துணுக்குகள் குவியாமல் இருக்க இந்த ஒரு படி மிகவும் உதவியது. சுமார் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. எண்ணிப் பார்த்தபோது ஏழெட்டுப் படங்களைத் தவிர மற்ற எல்லாம் முழு அளவில், முழுத் தெளிவுடன் வந்திருந்தன. பெரியம்மாவின் படங்கள் திரையில் வந்தபோது அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

பொறுமையைக் கேட்கும் பகுதி அதற்குப் பிறகு வருகிறது. ஃபோல்டர் ஒன்றுக்கு 500 கோப்புகள் வீதம், எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும் மட்டுமே பெயராகக் கொண்டு எல்லாம் குவிந்து கிடக்கின்றன. டி (t) என்ற எழுத்தில் தொடங்குபவை படங்களுக்குள் பொதிந்திருக்கும் சிறு முன்னோட்டங்கள்; அவற்றைத் தனியே பிரித்து அழித்துவிடலாம். அந்த நீண்ட எண் கோப்பு கார்டில் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் குறிக்கிறது. புதிய கார்டில் படங்கள் பெரும்பாலும் வரிசையாகவே எழுதப்படுகின்றன என்பதால், பெயர் வரிசையில் அடுக்கினாலே நிகழ்ச்சி நடந்த வரிசை ஏறக்குறைய வந்துவிடுகிறது. இதை எங்கும் படிக்காமல் நானே கவனித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. படம் எடுத்த தேதியும் நேரமும் ஜேபெக் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருப்பதால், எக்ஸிஃப்டூல் என்ற மற்றொரு இலவசக் கருவியால் அந்த நேரத்தையே எல்லாப் படங்களுக்கும் ஒரே கட்டளையில் பெயராகச் சூட்டினேன்.

வீடியோக்களில்தான் குறை. ஒன்பதில் ஆறு திறந்தன; மூன்று திறக்கவில்லை. ஒரு கோப்பின் துண்டுகள் கார்டில் அடுத்தடுத்து இருந்தால்தான் ஃபோட்டோரெக்கால் அதைச் சரியாகச் சேர்க்க முடியும். நீண்ட வீடியோக்கள் இடையிடையே சிதறி எழுதப்படும்போது அது தடுமாறுகிறது.

பெயர்களோடு கோப்புகள் வேண்டும் என்பவர்கள், ஃபார்மட் ஆகாமல் தவறுதலாக நீக்கிய கோப்புகளுக்கு, முதலில் டெஸ்ட்டிஸ்க்கின் மீட்பு வசதியையோ விண்டோஸில் மட்டும் இயங்கும் ரெக்கூவா என்ற மீட்பு மென்பொருளையோ முயன்று பார்ப்பது நல்லது. அட்டவணையில் பழைய பதிவு மிச்சமிருந்தால் அவை பெயரோடு எடுத்துத் தருகின்றன. ரெக்கூவாவின் திரை எளிமையானது, முன்னோட்டமும் காட்டும். 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி என்ற கருவி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியில் மட்டுமே இயங்குவதால் வீட்டுப் பயனருக்கு ஃபோட்டோரெக்கை விட எளிதானது என்று சொல்ல மாட்டேன். டெஸ்ட்டிஸ்க்கின் முதன்மையான வேலை தொலைந்த பார்ட்டிஷனை, அதாவது டிரைவில் தனியாகப் பிரித்து வைத்த பகுதியை, கண்டுபிடித்துத் திரும்ப எழுதுவது. ஃபோட்டோரெக்கைப் போலன்றி இது டிரைவில் எழுதக்கூடியது என்பதால், கண்டுபிடித்த பார்ட்டிஷனுக்குள் உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்து உறுதி செய்யாமல் எழுதும் கட்டளையைக் கொடுக்கக் கூடாது.

திறக்காத மூன்று வீடியோக்களுள் ஒன்றில் மங்கல நாதஸ்வரம் முழுமையாகப் பதிவாகியிருந்தது. அதற்காகக் கார்டின் படிமக் கோப்பை இரண்டு டிரைவ்களில் வைத்திருக்கிறேன். கார்டையும் மறுபடி பயன்படுத்தாமல் உறைக்குள் போட்டு, ஃபார்மட் ஆன தேதியை மேலே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பு வந்ததும் அந்தப் படிமத்தின் மேல் மீண்டும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பேன்.