காலை ஏழு மணிக் கூட்டமா, வாட்ஸ்அப் குழுவா, வணிகர் சங்கமா?

ஈரோடு, கரூர், திண்டுக்கல் போன்ற ஊரில் ஒருவர் புதிதாகத் தொழில் தொடங்கினால், திறப்பு விழாத் தோரணம் வாடுவதற்குள் மூன்று அழைப்புகள் வந்துவிடும். கடைவீதி வணிகர் சங்கத்தின் செயலாளர் ரசீதுப் புத்தகத்தோடு வருவார். பக்கத்துக் கடைக்காரர் உள்ளூர் வணிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் எண்ணைச் சேர்த்துவிடுவார். கேட்டுவிட்டுச் சேர்ப்பது அபூர்வம். கோட்டு அணிந்த ஒருவர், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைப்பதற்காக வாரம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஓட்டலில் நடக்கும் கூட்டத்துக்கு விருந்தினராக வரச் சொல்வார். மூன்றிலும் சேர்ந்து, மூன்றிலும் வாய் திறக்காமல் இருப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

இவற்றை ஒப்பிடும்போது பலரும் முதலில் கேட்பது சந்தா எவ்வளவு என்பதைத்தான். கூட்டத்துக்கு வராத ஒருவரை அந்த அமைப்பு என்ன செய்கிறது, அங்கே ஒருவர் சொல்லும் விஷயம் அடுத்த வாரம் யாருக்காவது நினைவிருக்குமா என்ற இரண்டையும் கேட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

வாரக் கூட்டத்தில் முதல் கேள்விக்குப் பதில் கறாராக இருக்கிறது. இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர் பிஎன்ஐ (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்). 1985இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் தொடங்கியது. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். கூட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஆறு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் வராமல் இருக்கக் கூடாது. வர முடியாவிட்டால் தன் சார்பில் வேறொருவரை அனுப்பலாம். அந்த எல்லையையும் தாண்டினால் இடம் பறிபோகலாம், அதே தொழில் செய்யும் போட்டியாளர் அங்கே வந்து உட்காரலாம். ‘அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளுங்கள்’ என்று தலைவர் எத்தனை முறை வேண்டினாலும் வராத ஒழுங்கு, இந்த ஒரு விதியால் வந்துவிடுகிறது.

பேச்சும் அப்படியே அளந்துதான். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம், உறுப்பினர்கள் பெருகிய கிளையில் அதற்கும் குறைவு. அந்தச் சில நொடிகளில் நடப்பதைக் கவனித்தால் போதும், யாருக்கு வேலை கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று சொல்லிவிடலாம். ஒருவர் எழுந்து, “வீடு, அலுவலகம், கடை என எல்லா வகையான உள் அலங்கார வேலைகளையும் தரமாகவும் நியாயமான விலையிலும் செய்து தருகிறோம். யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள்” என்பார். கைதட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். இன்னொருவர், “பெருந்துறை சாலையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மூன்றாவது தளம் போட்டிருக்கிறார்கள். சமையலறை மேடை போடுவதற்கு முன்னால் அந்த உரிமையாளரை நான் பார்க்க வேண்டும். அவரைத் தெரிந்தவர் இங்கே இருக்கிறாரா?” என்பார். ஒயரிங் சாமான் விற்பவர் உடனே நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் அந்தக் கட்டடத்துக்குக் குழாயும் கம்பியும் போனது அவர் கடையிலிருந்துதான். முதலாமவர் தன் தொழிலை விளம்பரம் செய்தார். இரண்டாமவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்தார்.

இந்தக் கறாருக்கு ஒரு விலையும் உண்டு. யார் எத்தனை பரிந்துரை கொடுத்தார், அதில் எத்தனை ரூபாய் வியாபாரம் முடிந்தது என்பதெல்லாம் கணக்கில் ஏறும். கணக்கு என்று வந்துவிட்டால் அதை நிரப்புவதற்கும் வழி பிறந்துவிடும். ‘என் மைத்துனர் வீடு கட்டப்போகிறார், பேசிப் பாருங்கள்’ என்று எண்ணைக் கொடுப்பார்கள். அழைத்துப் பார்த்தால் மைத்துனருக்கு அப்படி ஒரு திட்டமே இருக்காது. உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று எண்ணிக்கையைக் கூட்டுவதும் உண்டு. குழு உயிரோடு இருப்பதாகக் காட்டுவதற்கும் உண்மையில் உயிரோடு இருப்பதற்கும் உள்ள தூரம் அந்த இடத்தில்தான் தெரியும்.

காலை ஏழு மணி என்பதையும் சும்மா விட்டுவிட முடியாது. பிள்ளைகளுக்கு டிபன் கட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தையலகத்தைத் திறக்கும் பெண்ணுக்கு அந்த நேரம் கதவடைப்புக்குச் சமம். அதிகாலை என்றால் வியாபார நேரம் கெடாது என்று சொல்லப்படுவது, வீட்டில் சமையல் வேறொருவர் பொறுப்பில் இருப்பவரின் கணக்கு. 2020 பொது முடக்கத்தில் இந்தக் கூட்டங்கள் ஜூமுக்கு மாறியபோது இந்தத் தடை கொஞ்சம் தளர்ந்தது. முடக்கம் நீங்கிய பிறகும் இணையவழிக் கூட்டத்தைக் கைவிடாத கிளைகள் இருக்கின்றன. அப்படிப்பட்டவருக்கு அவைதான் ஏற்றவை.

வாட்ஸ்அப் குழுவில் வராதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாரும் எப்போதும் இருக்கிறார்கள், அதனாலேயே யாரும் இல்லை. ஒரு குழுவில் 256 பேர் வரை என்றிருந்த எல்லை 2022இல் முதலில் 512, பிறகு 1024 என்று உயர்ந்தது. ஆள் கூடக் கூடப் பேசுபவர் குறைகிறார். காலை ஆறு மணிக்குச் சூரிய உதயப் படம், அடுத்து ஒரு குறள், அதற்கடுத்து யாரோ ஒருவரின் மறைவுச் செய்தி, அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். அந்த வரிசைக்கு நடுவில், ‘ஒன்றரை டன் ஏசி இன்றே மாட்ட வேண்டும், ஆள் உண்டா?’ என்ற ஒரு வரி வந்து, மேலே போய்விடும்.

இரைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பெரிய குறை வேறு. அந்த ஏசிக்காரர் தனிச்செய்தியில் பதில் சொல்வார், வேலையும் முடிந்துவிடும், ஆனால் முடிந்தது குழுவுக்குத் தெரியாது. ஆள் சொன்ன நேரத்துக்கு வராமல் ஏமாற்றியிருந்தால் அதுவும் தெரியாது. எனவே அடுத்த முறை அதே கேள்வி வரும்போது, யாரை நம்பலாம் என்பதில் குழு ஓர் அங்குலம்கூடக் கற்றிருக்காது. வாரக் கூட்டத்தில் போன வாரம் பெற்ற பரிந்துரைக்கு இந்த வாரம் எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்கிறார்கள். கொஞ்சம் நாடகத்தனமாகத் தோன்றினாலும், உறுப்பினர் பெயருக்கு மதிப்பு ஏறுவதும் இறங்குவதும் அப்போதுதான்.

நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்று பூட்டிவிடுவது பலருக்கும் தோன்றும் முதல் மருந்து. பூட்டினால் இரைச்சல் நிற்கும், குழு அறிவிப்புப் பலகை ஆகிவிடும். அதைவிட, உதவி கேட்டவர் அன்று மாலைக்குள் ‘இன்னார் வந்தார், வேலை முடிந்தது’ என்று அதே குழுவில் எழுதியே ஆக வேண்டும் என்ற ஒரு விதி நன்றாக வேலை செய்யும். வாழ்த்துக்கும் இரங்கலுக்கும் தனிக் குழு வைத்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் அவசரத்தில் வாட்ஸ்அப்பை அடிக்க ஆளில்லை. மண்டபத்தில் மின்சாரம் போய், மாலை ஆறு மணி வரவேற்புக்கு ஜெனரேட்டர் வேண்டும் என்றால், செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வரை காத்திருக்க முடியாது.

வணிகர் சங்கம் வேறு ஜாதகம். இங்கே ஒரே தெருவில் நான்கு நகைக்கடைக்காரர்களும் உறுப்பினர்கள். ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பிவைப்பார்கள் என்று எதிர்பார்ப்பது பேராசை. சாதாரண மாதத்தில் பொதுக்குழுவுக்குச் சுற்றறிக்கை போகும், நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும், 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு தடை செய்தபோதும் நிலைமை வேறு. எந்தப் பை கூடும், எந்த டம்ளர் கூடாது என்று தெரியாமல் தவித்த மளிகைக் கடைக்காரர் போய் நின்றது சங்க வாசலில்தான். மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்கு வண்டி ஏறுபவர்களில், ஆண்டு முழுதும் கூட்டத்தை எட்டிப் பார்க்காதவர்களும் இருப்பார்கள். இதைச் சோம்பல் என்று சொல்லமாட்டேன். எதிராளி வெளியே இருக்கும்போது மட்டும் திரளும் அமைப்பு இது. செய்தி மேலிருந்து கீழே வந்தாலே போதும், அதற்கு வாராவாரம் கூட வேண்டியதில்லை.

வருகைப் பதிவேடு இல்லாமலும் பங்கேற்பை அளக்கலாம் என்பதற்குத் தென்மாவட்டங்களில் பழைய சான்று இருக்கிறது. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து நாடார் உறவின்முறைகள் என்ற சமூகச் சங்கங்கள், நடக்கும் வியாபாரத்துக்கு ஏற்ப மகமை என்ற பொதுநிதியை வசூலித்துப் பள்ளிகளையும் பொதுக் காரியங்களையும் நடத்தின. காசு கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் வந்துவிடுகிறது. பிறப்பால் மட்டுமே உள்ளே வர முடிந்த ஏற்பாடு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரோட்டரியையும் லயன்ஸையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் ரோட்டரியைத் தொடங்கியபோது உறுப்பினர்கள் தங்களுக்குள் வியாபாரம் செய்துகொண்டது உண்மைதான்; பிறகு அது சேவைக்குத் திரும்பிவிட்டது. லயன்ஸைத் தொடங்கிய மெல்வின் ஜோன்ஸும் இன்ஷூரன்ஸ்காரர். இன்று அங்கே போய் முதல் நாளே விசிட்டிங் கார்டை நீட்டினால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பத்தாண்டுப் பழக்கத்துக்காகப் போங்கள், இந்த மாத விற்பனைக்காக வேண்டாம்.

எதில் சேருவது என்பதை உங்கள் தொழில்தான் முடிவு செய்ய வேண்டும். சோலார், மாடுலர் கிச்சன், இன்ஷூரன்ஸ் போல வாடிக்கையாளர் எப்போதோ ஒருமுறை வாங்கி, வாங்கும்போது பெரிய தொகை கொடுக்கும் தொழில் என்றால் வாரக் கூட்டம்தான். இரண்டு நல்ல பரிந்துரை ஓராண்டுச் செலவை ஈடுகட்டிவிடலாம். மளிகை, மெஸ், பேக்கரி வைத்திருப்பவருக்கு அந்தக் காலைத் தூக்கம் வீண். சங்கச் சந்தாவும் ஒழுங்கான வாட்ஸ்அப் குழு ஒன்றும் போதும். எலக்ட்ரீஷியன், பிளம்பருக்கு வாட்ஸ்அப்பே பிழைப்பு. வழக்கறிஞர்களும் பட்டயக் கணக்காளர்களும் எந்தக் குழுவானாலும் கையெழுத்துப் போடும் முன் யோசிக்க வேண்டும், தொழிலுக்கு ஆள் பிடிப்பதை அவர்களுடைய நடத்தை விதிகள் தடுக்கின்றன.

வாரக் கூட்டம் என்று முடிவு செய்தால் விருந்தினராக ஒருமுறை போய், நன்றி சொல்லும் நேரத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘நீங்கள் அனுப்பியவர் விலை கூடுதல் என்று போய்விட்டார், ஆனாலும் பேச்சு நடந்தது’ என்று ஒருவராவது எல்லார் முன்னும் சொன்னால் பணம் கட்டலாம். எல்லாப் பரிந்துரையும் வெற்றி என்று வாசிக்கப்பட்டால், இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.