பதினொரு மணிக் கள்ளு

முதல் தடவை போனபோது கதவு பூட்டியிருந்தது. பிழை கள்ளுத் தவறணையில் இல்லை, என்னில்தான். அன்றைக்குப் போயா. முழுநிலா நாளில் இலங்கையில் தவறணை திறக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் கலண்டரைப் பார்க்காமல் மச்சானை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். "அத்தான், நீங்கள்தானே இந்த ஊர்க்காரர்?" என்று அவன் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. வாசலில் இரண்டு புள்ளிமான்கள் மட்டும் நின்றன. எங்கள் பட்டினத்து மான்களுக்குப் போயா கிடையாது.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு மறுபடி போனோம். அந்த மணியை மறக்க வேண்டாம்.

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. பெயர்ப்பலகை இல்லை. தகரக் கூரை, சீமெந்துத் தரை, சுவரோரமாக நீள வாங்குகள், நடுவில் மூன்று மேசை. மின்விசிறி ஒன்று சுற்றுகிறது, காற்றுத்தான் வரக் காணோம். உள்ளே காலெடுத்து வைத்ததுமே மூக்கில் ஏறும் அந்தப் புளித்த வாசம் சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது அப்பச்சட்டி வாசம்.

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்படியான இடத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நுழைவதுதான் வழக்கம். ஆனால் ஊற்றிக் கொடுக்கிற ஆள் என்னைக் கண்டதும் எழும்பி நின்று, "வாங்கோ சேர், பனையோ தென்னையோ?" என்றார். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவராம். மச்சான் சிரித்த சிரிப்பு வீடு வரும்வரை நிற்கவில்லை.

பனை என்றோம். கோடையில் போனால்தான் பனங்கள்ளு தாராளமாகக் கிடைக்கும், மற்றக் காலத்தில் தென்னங்கள்ளுதான். ஒரு போத்தல் 250 ரூபாய் எடுத்தார்கள். போத்தல் என்பது இங்கே 750 மில்லிலீற்றர் அளவு. முட்டிப் பானையிலிருந்து பன்னாடையில் வடித்து ஊற்றினார். இதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். இரண்டு தேனீ, ஏழெட்டு எறும்பு, பாளைத் தும்பு எல்லாம் பன்னாடையில் தங்க, பால் கலந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் கள்ளு இறங்குகிறது. மேலே நுரை நிற்கவில்லை. உடைந்து உடைந்து புதிதாக வந்துகொண்டிருந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனால் சின்னதாக ஒரு 'சிர்ர்' சத்தம்.

பிளாஸ்டிக் கோப்பையைத்தான் நீட்டினார்கள். நான் பிளா கேட்டேன். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. பனை ஓலையை மடித்துக் கட்டிய அந்தக் குடுவையை மேசையில் வைக்க முடியாது, வைத்தால் சரியும். கையில் பிடித்தபடியே குடித்து முடிக்க வேண்டும். பச்சை ஓலையின் மணமும் சேர்ந்தால்தான் பனங்கள்ளு என்பது என் கட்சி. பிளாஸ்டிக்கில் குடித்த முதல் மிடறும் பிளாவில் குடித்த இரண்டாவது மிடறும் ஒரே முட்டிக் கள்ளு என்று மச்சான் நம்பவேயில்லை.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டில் இருக்கிறான். 2019இல் நானும் மனைவியும் போயிருந்தபோது பட்டினத்து நடுவில் ஒரு பழைய பப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். பதிந்த கூரை, கறுத்த உத்திரம், மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். நாமே போய்க் காசைக் கொடுத்து நாமே தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு பைண்ட் 568 மில்லி. பரிமாறும் பெண் ஒரு நீளக் கைபிடியைப் பிடித்து இழுக்க இழுக்க, கீழே நிலவறைப் பீப்பாயிலிருந்து பியர் ஏறி வந்தது. ஐஸ் குளிர் இல்லை, பன்னிரண்டு பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். கொதித்தெழும் வாயுவும் இல்லை. "பழுதாப்போன பியரோடா?" என்று நான் கேட்டேன். அப்போதுதான் விளக்கினான். ரியல் ஏல் என்பார்களாம். பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கும், அங்கேயே இரண்டாம் தடவை நொதிக்கும். திறந்தால் மூன்று நாள் மாதிரித்தான் நல்ல நிலையில் நிற்கும். வடிகட்டிச் சூடாக்கி வாயு ஏற்றிய பியர் எல்லாப் பப்பையும் பிடித்துக்கொண்டபோது, 1971இல் நாலு பேர் சேர்ந்து 'கம்ரா' என்று ஒரு இயக்கமே தொடங்கி இதைக் காப்பாற்றினார்களாம். பியருக்குப் போராட்டம்! வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்.

அதே ஆள்தான் லண்டன் தமிழ்க் கடையில் போத்தலில் அடைத்த பனங்கள்ளு வாங்கி, இதுதான் ஊர்க்கள்ளு என்று இத்தனை வருடமாகக் குடித்திருக்கிறான். அதைச் சூடாக்கி ஈஸ்டைக் கொன்றுதான் அடைக்கிறார்கள், இல்லாவிட்டால் கப்பலிலேயே வெடிக்கும். நான் அவனிடம் கேட்டேன்: பீப்பாய்க்கு ஒரு நியாயம், முட்டிக்கு ஒரு நியாயமா?

அவன் கள்ளை "நம்முடைய பியர்" என்கிறான். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பியருக்குத் தானியத்தை முளைக்க வைத்து, காயவைத்து, ஊறவைத்து, காய்ச்சிப் பிறகு ஈஸ்ட் போட வேண்டும். கள்ளுக்கு அடுப்பே வேண்டாம். பாளையைக் காலையும் மாலையும் சீவுகிறார்கள், இனிப்பான சாறு சொட்டுகிறது, முட்டியில் ஏற்கனவே ஒட்டியிருக்கிற ஈஸ்ட், வகுப்பில் 'மதுவம்' என்று நான் எழுதிப் போட்டதேதான், மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அந்த வேலை நடக்காது, புளிக்காத கருப்பணி (பதநீர்) கிடைக்கும், காய்ச்சினால் பனங்கட்டி. ஹெரிஃபோர்ட் பக்கம் ஆப்பிளைப் பிழிந்து அதன் பாட்டில் புளிக்கவிட்டுச் சைடர் எடுக்கிறார்களே, கள்ளுக்குச் சொந்தம் அதுதான். அந்தப் பப்பில் மூலையில் கலங்கலாக, நுரையே இல்லாமல் ஒரு சைடர் தந்தார்கள். ஒரு மிடறு குடித்ததும் எனக்கு இந்தத் தவறணை வாசல்தான் ஞாபகம் வந்தது.

இப்போது மணிக்கு வருகிறேன். காலையில் இறக்கிய கள்ளு பதினொரு மணிக்கு இனிப்பும் புளிப்பும் சரிபாதியாக நிற்கும். இரண்டு மணிக்குப் புளிப்பு முந்தும். மாலையில் சண்டைக்கு வரும். வெறி 4இலிருந்து 6 சதவீதம் என்றாலும் வெயிலில் அது கால்களைத்தான் முதலில் பிடிக்கும், ஆட்டோவில் போவதே நல்லது. சாயந்தரம் போய்க் குடித்துவிட்டு "ஒரே புளி" என்று குறை சொல்கிறவர்கள் மத்தியானச் சோற்றை இரவில் கேட்கிறவர்கள்.

கடிக்கக் கணவாய்ப் பொரியல், கடலை, அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும். கணவாய் ரப்பர். மரவள்ளிக்காக மட்டும் இன்னொரு தடவை போவேன். பக்கத்து வாங்கில் கரைவலை இழுத்துவிட்டு வந்த நாலு பேர், இரண்டு பேர் தமிழ், இரண்டு பேர் சிங்களம், மீன் விலையை இரண்டு மொழியிலும் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

குறைகள் இருக்கின்றன. கழிப்பறையைப் பற்றி எழுதினால் வாசிக்க மாட்டீர்கள். கை கழுவ ஒரு குழாய், அதில் தண்ணீர் நூல் போல வருகிறது. பெரிய குறை, பெண்கள் வந்து உட்கார இடமே இல்லை. இங்கிலாந்துப் பப்பில் என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து சைடரை ருசி பார்த்தவள். இங்கே, தன் சொந்த ஊரில், வாசல் வரைகூட வர முடியாது. "எனக்கு ஒரு போத்தல் கொண்டுவாங்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

அந்தப் போத்தலில்தான் வினை. மூடியை இறுக்க வேண்டாம், ஓலைத்துண்டு செருகி விடுங்கள் என்று என் பழைய மாணவர் படித்துப் படித்துச் சொன்னார். மச்சான் ஆட்டோவில் சிந்தும் என்று இறுக்கித் திருகிவிட்டான். வெயில், குலுக்கல், உள்ளே உயிரோடு ஈஸ்ட். உவர்மலை ஏற்றத்தில் 'டப்' என்று மூடி பறந்து, பெரும்பாலான கள்ளு அவன் சேட்டிலும் ஆட்டோக் கூரையிலும். ஆட்டோக்காரத் தம்பி கழுவுவதற்கென்று 300 ரூபாய் கூடக் கேட்டார், நியாயம்தான்.

அடியில் எஞ்சியதை மனைவி ஒரு மிடறு ருசி பார்த்தாள். "புளிச்சுப் போச்சு" என்று அப்ப மாவில் ஊற்றிவிட்டாள். காலையில் அப்பம் ஓரம் முறுகி, நடு பஞ்சு மாதிரி வந்தது. மச்சான் ஏழு சாப்பிட்டான்.