ஆக்சிஜன் அறையில் பத்து நாள்: புளியரையிலிருந்து போய் வந்தவன் எழுதுகிறேன்

தென்னையிலிருந்து விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. தண்டுவடத்தில் அடி. "டி12, கம்ப்ளீட்" என்று எழுதிவிட்டார்கள்; அதாவது முதுகின் பன்னிரண்டாம் எலும்பு மட்டத்தில் அடி, அதற்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. ஆரியங்காவு தாண்டி கேரளாவுக்குள் இருக்கிற ஓர் ஆக்சிஜன் சிகிச்சை மையத்துக்குப் போனேன்; மூடிய குழாய்க்குள் படுக்க வைத்து, அழுத்தம் ஏற்றி ஆக்சிஜன் கொடுப்பார்கள். பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கி, பத்து தடவை, தடவைக்கு 3,000 ரூபாய். மையத்தின் பெயரை இங்கே போடவில்லை.

ஆபரேட்டர் தம்பி தங்கமான பையன். கண்ணாடிக் குழாய்க்குள் படுக்க வைக்கும் முன் குனிந்து என் தலையை முகர்ந்தான். "சேட்டா, எண்ண தேச்சிட்டுண்டோ?" தேய்த்திருந்தேன். உள்ளே முழுக்க ஆக்சிஜன், எண்ணெய்ப் பசை இருந்தால் தீப்பிடிக்கும் என்று சொல்லி, சோப்புப் போட்டு அலச வைத்த பிறகுதான் விட்டான். மூத்திரப் பையையும் அவனே காலி செய்தான். அழுத்தம் ஏறும்போது மலையேறுகிற பஸ்ஸில் அடைப்பதுபோல் காது அடைத்தது. "எச்சில் விழுங்குங்க" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

என் வருத்தம் முன்மேசையில். "கனடாவுல எலிக்குக் கால் வந்துருச்சு, அண்ணனுக்கும் வரும்" என்றார்கள். அந்த ஆராய்ச்சி நிஜம்தான். 2017-ல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் செய்தது. அடிபட்ட எலிகளுக்குக் காயத்துக்குக் கீழே தண்டுவடத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இறுகி, அந்த இடம் ஆக்சிஜன் குறைந்தே கிடக்கிறது. கூடுதல் ஆக்சிஜன் கொடுத்தபோது எலிகளின் நடை மேம்பட்டது. ஆனால் 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஆக்சிஜனைக் குறைத்தார்கள். 9 சதவீதம் மட்டுமே ஆக்சிஜன் உள்ள காற்று, முறைக்கு 90 விநாடி, 15 முறை; மனிதர்களின் நடைவேகம் கூடியது. அவர்களும் என்னைப் போல் "கம்ப்ளீட்" இல்லை, காயத்துக்குக் கீழே கொஞ்சம் உணர்வோ அசைவோ மிச்சம் இருந்தவர்கள். கூட்டுவதா குறைப்பதா என்றே இன்னும் தேடிக்கொண்டிருக்கும்போது, என்னைப் போன்றவனிடம் "வரும்" என்று சொல்லிப் பணம் வாங்கலாமா? என் மனைவி அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வளையலை அடகு வைத்தாள்.

கால் அசையவில்லை. நான் அதற்குக் குறை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் இடது குதிகாலில் ரூபாய் நாணயம் அளவு சிவப்பு. அழுத்திப் பார்த்தால் வெளுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்த மெல்லிய மெத்தையில் அசையாமல் கிடந்ததால் வந்தது. பாரம் மாற்றாமல் கிடந்தால் புண் வரும் என்று ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு மையமான அமர் சேவா சங்கத்தில் எனக்குப் பாடமாகவே சொல்லித் தந்திருந்தார்கள். இந்த ஆக்சிஜன் மையத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. சொன்ன பிறகு தம்பி பருத்தித் துணியை மடித்துக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொண்டான். போகிறவர்கள் முதல் நாளே அதைக் கேட்டு வாங்குங்கள். வெளியே வந்ததும் குதிகாலையும் பிட்டத்தையும் வீட்டு ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.