உடல், வீடு, நகரம்: ஜூடித் ஹெல்ஃபாண்டின் மூன்று ஆவணப்படங்கள்

1995 ஜூலை 13 அன்று சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் வெப்பநிலை 106 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. கத்திரி வெயிலுக்குப் பழகிய நமக்கு அந்த எண் வியப்பளிக்காது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் அந்நகரில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள் என்பதும், அவர்களில் மிகப் பலர் தனியாக வசித்த முதியவர்கள், ஏழைகள், கறுப்பினத்தவர் என்பதும் எளிதில் கடந்துபோக முடியாத செய்திகள். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஜூடித் ஹெல்ஃபாண்டின் ‘குக்டு: சர்வைவல் பை ஜிப் கோடு’ (2018) இந்தச் சாவுகளைப் பற்றியது. அவருடைய முந்தைய படங்களில் இரண்டை வரிசையாகப் பார்த்துவிட்டு வருபவருக்கே இதன் முழு வலிமையும் புரியும் என்று நான் கருதுவதால், மூன்றையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

முதலாவது ‘எ ஹெல்தி பேபி கேர்ள்’ (1997). கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் டி.இ.எஸ். என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் மருந்து அமெரிக்கக் கர்ப்பிணிகளுக்கு 1940கள் முதல் 1971 வரை பரிந்துரைக்கப்பட்டது. அதனால் பயனில்லை என்று 1953இலேயே ஒரு விரிவான ஆய்வு காட்டிய பிறகும் அது நிற்கவில்லை. ஹெல்ஃபாண்டின் தாயும் அதை உட்கொண்டார்; மகளுக்கு 25 வயதில் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்து கருப்பையை அகற்ற நேர்ந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தன்னையும் பெற்றோரையும் தானே படம் பிடித்த நாட்குறிப்பு இது. மகளுக்குத் தீங்கு செய்துவிட்டோமோ என்று தாய் மருகுவதும், அந்தப் பாரத்தைத் தாயிடமிருந்து இறக்கி மருந்து நிறுவனங்களின் மேல் வைக்க மகள் பாடுபடுவதும்தான் படத்தின் உயிர்.

‘ப்ளூ வைனில்’ (2002), டேனியல் கோல்டுடன் சேர்ந்து இயக்கியது. லாங் ஐலண்டில் உள்ள பெற்றோரின் வீட்டுச் சுவரை வெளியே மூடியிருந்த மரப்பலகைகள் உளுத்துப்போக, அவர்கள் நீலநிற பி.வி.சி. பலகைகளைப் பொருத்துகிறார்கள். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களில் இருக்கும் அதே பி.வி.சி.தான். அந்தப் பலகையின் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அது எங்கே எவருடைய மூச்சைக் கெடுத்துத் தயாராகிறது என்று கேட்டபடி லூசியானாவின் லேக் சார்ல்ஸ் நகருக்கும், பி.வி.சி.யின் மூலப்பொருளான வினைல் குளோரைடைக் கையாண்ட ஆலை நிர்வாகிகள் மீது தொழிலாளர் சாவுகளுக்காக வழக்கு நடந்த வெனிஸ் நகருக்கும் அவர் செல்கிறார். அந்த வேதிப்பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 1970களின் தொடக்கத்திலேயே கண்டறிந்திருந்தும், உற்பத்தி நிறுவனங்கள் அதை வெளியிடாமல் காக்க உடன்பட்டிருந்தன என்பதை ஆவணங்களோடு விளக்கும் பகுதியை நான் இரண்டு முறை பார்த்தேன். முடிவில் பெற்றோரின் வீட்டுக்கு மறுபடியும் மரப்பலகை பொருத்தப்படுகிறது. அதற்கான செலவில் ஒரு பங்கு டி.இ.எஸ். வழக்கில் கிடைத்த இழப்பீட்டிலிருந்து வருகிறது. முதல் படத்தையும் இரண்டாவதையும் இணைக்கும் இந்தக் கண்ணியை எந்தக் கதாசிரியராலும் கற்பனை செய்திருக்க முடியாது. எனினும், அத்தகைய இழப்பீடு இல்லாத குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்வியைப் படம் போதிய அளவு பின்தொடரவில்லை.

அந்தக் கேள்விக்குரிய விடையைத்தான் ‘குக்டு’ தேடுகிறது. குளிர்சாதனம் வாங்கவோ, இருந்தாலும் மின்கட்டணம் கட்டவோ வழியில்லாதவர்களும், திருட்டுக்கு அஞ்சி ஜன்னல்களை அடைத்து வைத்தவர்களும் தம் அறைகளுக்குள்ளேயே இறந்தார்கள். பிணவறை நிரம்பி, உடல்களைக் குளிரூட்டப்பட்ட லாரிகளில் வைத்தார்கள். சாவுகளின் காரணத்தை உறுதிசெய்யும் தலைமை மருத்துவப் பரிசோதகர் எட்மண்ட் டானஹியூ தந்த எண்ணிக்கையை மேயர் ரிச்சர்ட் டேலி ஐயுற்றார். வெயிலால் இறந்தவர்கள் வாழ்ந்த இடங்களின் வரைபடத்தையும் நகரின் வறுமை வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைப் படம் காட்டுகிறது. தலைப்பில் உள்ள ஜிப் கோடு, அதாவது நம் பின்கோடு, ஒருவருடைய ஆயுளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

பிறகு ஹெல்ஃபாண்ட், பேரிடர் ஆயத்தப் பணிகள் நடக்கும் இடங்களுக்குச் செல்கிறார். அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள நியூ மாட்ரிட் நிலப்பிளவுப் பகுதியில் என்றோ வரக்கூடிய நிலநடுக்கத்துக்காகப் பெரும் பொருட்செலவில் ஒத்திகை நடக்கிறது. அன்றாடம் நிகழும் வறுமைச் சாவுகளை ஏன் பேரிடராகக் கருதி அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிடக் கூடாது என்று அவர் அதிகாரிகளிடம் பணிவோடு, ஆனால் விடாமல் கேட்கிறார். கேள்வி கூர்மையானது, ஒத்திகைக் காட்சிகளோ தேவைக்கு மேல் நீள்கின்றன. அந்த நிமிடங்களில் சிலவற்றையாவது இறந்தவர்களின் குடும்பத்தாருக்குத் தந்திருக்கலாம். தன் வெள்ளையினப் பின்னணி தனக்குத் தந்த பாதுகாப்பை அவர் மறைக்காமல் பேசுவதை நான் மதிக்கிறேன். ஆனாலும் கறுப்பினத்தவர் மிகுதியாக வாழும் சிகாகோவின் தெற்குப் பகுதி மக்கள் பேசும்போதெல்லாம் அவர் குரல் குறுக்கிடாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று இவர் எண்ணுவதில்லை. ஆவணப்படங்களை மக்கள் இயக்கங்களோடு இணைக்க 1999இல் ராபர்ட் வெஸ்டுடன் ‘வொர்க்கிங் ஃபிலிம்ஸ்’ அமைப்பையும், பெண் இயக்குநர்களுக்கு உதவ 2005இல் வேறு இருவருடன் ‘சிக்கன் அண்ட் எக் பிக்சர்ஸ்’ அமைப்பையும் தொடங்கினார். திரையிடலுக்குப் பிந்தைய உரையாடலை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை என்பதால், இம்மூன்றையும் தனியாகப் பார்ப்பதைவிடப் பலரோடு அமர்ந்து பார்ப்பது நல்லது. ஒன்றுக்கு மட்டுமே நேரம் உள்ளவர்கள் ‘குக்டு’வைத் தேர்ந்தெடுக்கலாம்; பெற்றோரோடு பார்க்க விரும்புபவர்களுக்கு ‘ப்ளூ வைனில்’.