படுக்கையோடு இருக்கும் அம்மாவுக்கு எது சரி: வீடா, ஓய்வுக்காலக் குடியிருப்பா, பராமரிப்பு இல்லமா?

அம்மாவுக்கு 79 வயது. ஏற்கெனவே பக்கவாதம் வந்து இடப்பக்கம் பலவீனம். அதோடு இடுப்பு எலும்பும் முறிந்து, ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நடக்க முடியாமல் போனது. கோவையில் நானும் அக்காவும் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம். ஒன்றில் அடிபட்டும் கற்றுக்கொண்டோம். இதே நிலையில் திண்டாடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வீடுதான். வேறு எதையும் யோசிக்க மனசு வரவில்லை. ஒரு ஏஜென்சி மூலம் 24 மணி நேரத்துக்கு ஹோம் நர்ஸ் வைத்தோம். மாதம் 27,000 ரூபாய். அவருடைய சாப்பாடு, அம்மாவுக்கான கட்டில் வாடகை, டயப்பர் செலவு தனி. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஹோம் நர்ஸ் என்று அனுப்பப்படுபவர்களில் பலர் நர்சிங் படித்தவர்கள் இல்லை. குளிப்பாட்ட, ஊட்டிவிட, துணி மாற்றப் பழகியவர்கள். அந்த வேலைக்கு அவர்கள் போதும். சிறுநீர்க் குழாயோ மூக்குக் குழாயோ இருந்தால் போதாது. ஏஎன்எம், ஜிஎன்எம் போன்ற நர்சிங் படிப்பு படித்தவர்தானா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு நிம்மதி இருந்தது. அவள் கட்டில், அவள் ஜன்னல், அடுத்த வீட்டு அக்கா வந்து பேசிவிட்டுப் போவது, அதெல்லாம் எந்த இல்லத்திலும் கிடைக்காது. சிக்கல் ராத்திரியில் வந்தது. படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பகல் முழுக்க வேலை பார்த்த ஒரே பெண் ராத்திரியில் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எப்படி எழுந்திருப்பார்? மூன்றாவது வாரம் முதுகின் அடிப்பகுதியில் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மாறவில்லை. அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. பத்து நாளில் தோல் பிய்ந்துவிட்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் செய்ய முடியாத வேலையை ஒருவரிடம் கொடுத்தது நாங்கள்.

அடுத்து, வடவள்ளி, துடியலூர் பக்கம் இருக்கும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள். பார்க்கவே ஆசையாக இருக்கிறது. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, கட்டில் பக்கத்தில் அவசர மணி, பொதுச் சமையலறை, கோயில், நடைபாதை. நடக்கிற, தானே குளிக்கிற தம்பதிகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்றே நினைக்கிறேன். என் மாமனார், மாமியாரிடம் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அம்மாவைப் பற்றிச் சொன்னதும் நாங்கள் போன இரண்டு இடங்களிலும் ஒரே பதில்: "ஆள் நீங்களே வெச்சுக்கணுங்க." அப்படியென்றால் வீட்டில் இருந்த அதே சிக்கல்தான், இடம் மட்டும் வேறு. வாங்குவதற்கு முன்னால், படுத்துவிட்டால் தனிப் பராமரிப்புப் பிரிவு உண்டா, அதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, 24 மணி நேர நர்சிங் பராமரிப்பு இல்லங்கள். அவற்றிலும் இரண்டைப் பார்த்தோம். ஒன்று பளபளவென்று இருந்தது. பளிங்குத் தரை, ஏசி அறை, பெரிய டிவி, வாசலில் மீன் தொட்டி. 22 படுக்கைகள். ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒரு நர்ஸ், ஒரு ஆயா. பார்வை நேரம் மாலை 4 முதல் 6 வரை மட்டும். சமையலறையைப் பார்க்க விடவில்லை.

இன்னொன்று பழைய வீட்டை மாற்றியது. சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. அக்காவுக்கு உள்ளே நுழையவே பிடிக்கவில்லை. 14 படுக்கைகள், ராத்திரிக்கு ஒரு நர்ஸ், இரண்டு ஆயாக்கள். ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு தாள், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம் என்று கையெழுத்தோடு. நாங்கள் நின்றபோது ஒரு ஆயா, "பாட்டி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தார். இன்னொருவருக்கு ரசம் சாதத்தை நன்றாக மசித்து, தலைமாட்டை உயர்த்தி ஊட்டினார்கள். ஊட்டி முடித்தும் அரை மணி நேரம் கட்டிலை இறக்கவில்லை. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரக்கூடாதே என்பதற்காக. அங்கே எனக்கு முடிவு வந்துவிட்டது.

பணக் கணக்கில் இரண்டும் பெரிய வித்தியாசமில்லை. மாதத்துக்குப் பழைய வீட்டில் 38,000, பளபள இடத்தில் 45,000. டயப்பர், மருந்து, பிசியோ இரண்டிலும் தனி. எது சேராது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பில் வரும்போது அதிர்ச்சி இருக்காது. மருத்துவக் காப்பீடு பொதுவாக இதற்கு உதவாது. 70 வயது தாண்டிய எல்லோருக்கும் 2024இல் மத்திய அரசு கொண்டுவந்த 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் காப்பீடும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான்.

இவ்வளவு செலவு முடியாதவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாலும் தனியாக இல்லை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் பிசியோவும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பார்க்க ஆளே இல்லாத பெரியவர் என்றால் 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. பிள்ளைகள் கைவிட்டால், 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம்.

வீட்டில் பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் என்று இரண்டு ஆள் வைக்க முடிந்து, குடும்பத்தில் ஒருவர் கூடவே இருக்கவும் முடிந்தால் நான் வீட்டைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறோம். அதனால் அம்மா அந்தப் பழைய வீட்டில் இருக்கிறாள். முதல் வாரம் "எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்று தினமும் கேட்டாள். இப்போதும் சில நாள் கேட்கிறாள், பதில் சொல்ல முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. நாங்கள் ஒரே நேரத்துக்குப் போவதில்லை. ஒரு நாள் காலை, ஒரு நாள் ராத்திரி. போன வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் போனேன். தாளில் எட்டு மணிக்கு வலப்பக்கம் என்று எழுதியிருந்தது. அம்மா வலப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள்.