குத்திராயன் மலையேற்றத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி நண்பர்களுக்காக, கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் கையை விட்டுப் போனது 9,600 ரூபாய்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம், மேலகிரி மலைத்தொடரில் 1,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் குத்திராயன் உச்சியில் ஏற வேண்டும் என்பது என் மகளின் நெடுநாள் ஆசை. அந்த மலை காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருவதால், நினைத்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும், வழிகாட்டியும் வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போனவர்களின் உயிரைக் குடித்த பிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன. இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏமாந்தேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

படங்கள் பகிரும் செயலி ஒன்றில், மலையேற்றம் நடத்துவதாகச் சொல்லும் ஒரு பக்கத்தைப் பார்த்து அழைத்தேன். தலைக்கு 2,400 ரூபாய். அனுமதி, ஜீப், வழிகாட்டி, காலை உணவு எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார்கள். அனுமதி எங்கே என்று கேட்டதும், பச்சை முத்திரையுடன் ஒரு கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். தேதி மட்டும் மற்ற எழுத்துகளைவிடத் தடிமனாகவும், கோட்டுக்குச் சற்று மேலே ஏறியும் இருந்ததை அன்றே பார்த்தேன். பார்த்தும் கடந்து போனேன். பணம் அனுப்பும்போது திரையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டேன். "அம்மா அக்கவுண்ட்டுண்ணா. நானும் பாலக்கோடுதான், ஊருக்காரங்களையா ஏமாத்தப் போறேன்?" என்றான் அந்தப் பையன். பாலக்கோடு என் மாமியார் ஊர். அந்த ஒரு சொல்லுக்காக, நான்கு பேருக்கான 9,600 ரூபாயையும் ஒரே தவணையில் அனுப்பிவிட்டேன்.

அதிகாலை ஐந்து மணிக்குத் தேன்கனிக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் குளிரில் நின்றோம். ஜீப் வரவில்லை, ஏழரை மணிக்கு ஒரு பழைய வேன் வந்தது. சோதனைச் சாவடியில் இருந்த வனக்காவலர் கடிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தம்மிடம் இருந்த பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழாக இரண்டு முறை இறக்கி, "இதுல உங்க பேரு இல்லைங்க" என்றார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்களுடன் வந்த வழிகாட்டி, சற்றுத் தள்ளி வேறொரு பாதை இருக்கிறது, சத்தமில்லாமல் ஏறிவிடலாம் என்று காதோடு சொன்னபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. யானை நடமாடும் காட்டில், பதிமூன்று வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு, திருட்டு வழியிலா ஏறுவது?

முடியாது என்றேன். பிறகு எங்களை இராயக்கோட்டைக்கு ஓட்டிச் சென்று கோட்டை மலையின் அடியில் இறக்கிவிட்டார்கள். 1791இல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயப் படை பிடித்த கோட்டை அது. ஏற்றமும் செங்குத்துதான், மேலே காற்றும் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறி நாங்களே போயிருக்கக்கூடிய இடம். அன்று யாரும் எங்களிடம் நுழைவுச்சீட்டுகூடக் கேட்கவில்லை. காலை உணவாகக் கிடைத்தது ஆறிப்போன இட்லி, ஆளுக்கு இரண்டு.

மாலையில் பணத்தைக் கேட்டேன். மேலாளரிடம் பேசச் சொன்னான். மேலாளர் என்று பேசியவர், "மலை ஏறினீங்கல்ல சார், டிரிப் முடிஞ்சுது" என்றார். எந்த மலை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. திங்கட்கிழமை, வனத்துறைதான் கடைசி நேரத்தில் ரத்து செய்தது என்றார்கள். செவ்வாய்க்கிழமை, அடுத்த மாதப் பயணத்தில் பாதி விலைக்கு இடம் தருவதாகச் சொன்னார்கள். அதாவது 9,600 ரூபாயை விழுங்கியவர்களிடம் நான் இன்னும் 4,800 ரூபாய் கொடுக்க வேண்டுமாம். நேற்றிலிருந்து என் எண் முடக்கப்பட்டிருக்கிறது. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தின் இணையதளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் கடிதத்தை வனத்துறை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். ஊர்க்காரன் என்ற பேச்சை நம்பாதீர்கள்.

இன்று காலை மனைவியின் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இராயக்கோட்டை மதில் ஓரமாக என் மகள் நிற்கும் படத்தை, எங்களைக் கேட்காமலே, "குத்திராயன் உச்சியில் மகிழ்ச்சியான குடும்பம்" என்று போட்டிருக்கிறார்கள். கீழே யாரோ ஒருவர் விலை கேட்டிருக்கிறார். "ஊருக்காரங்களுக்குத் தனி ரேட்டுண்ணா" என்று பதில் போயிருக்கிறது.