கோழி மேயும் முற்றத்தில் நெருப்பெறும்பு: பொடியா, கொதிநீரா, டப்பாவா?

மேலூர்ப் பக்கம் வாய்க்கால் பாசனமுள்ள ஊர்களில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குக் கீரிக்கும் பருந்துக்கும் அடுத்தபடியான தொல்லை நெருப்பெறும்பு. கோழியே அதைத் தின்று தீர்த்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கரையானைக் கண்டால்தான் கோழி பாய்ந்து பொறுக்கும். நெருப்பெறும்புப் புற்றை மிதித்தால் காலை உதறிக்கொண்டு விலகிவிடும். வளர்ந்த கோழி இப்படித் தப்பித்துக்கொள்ளும். ஆபத்து, அடையில் இருக்கும் முட்டைக்கு. இருபது, இருபத்தோராம் நாளில் ஓட்டில் முதல் விரிசல் விழுந்ததுமே அந்த ஈர வாடைக்கு எறும்பு வரிசை கட்டிவிடும். துளைக்குள் நுழைந்து, நகர முடியாத குஞ்சின் கண்ணோரத்தைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, பின்முனைக் கொடுக்கால் திரும்பத் திரும்பக் கொட்டும். இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க அடைக்கூடையில் நாம் போடும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் இடிக்கு உதவுமோ என்னவோ, எறும்புக்கு உதவாது.

மஞ்சள் தூள், சாம்பல் எல்லாம் பாதையை மாற்றும், புற்றை அழிக்காது. மண்ணெண்ணெய் மண்ணையும் கெடுக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். மீதமிருப்பவை மூன்று: கடைப் பொடி, கொதிநீர், மருந்து வைத்த டப்பா.

கடையில் விற்கும் எறும்புப் பொடி வேகமானது, மலிவானது. தூவிய அன்றே எறும்பு சுருண்டு கிடக்கும். ஆனால் கோழி மேயும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி, எறும்பு செத்ததா என்பதல்ல. மறுநாள் அந்த மண்ணில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான். எறும்பு தோண்டிப் போட்ட மண் பொலபொலவென்று இருக்கும். மண் குளியலுக்குக் கோழி தேடுவதும் அதே மண்ணைத்தான். குழி பறித்துப் புரண்டு, இறகெல்லாம் பொடியை ஏற்றிக்கொண்டு, பிறகு அலகால் கோதும்போது மருந்து வயிற்றுக்குள் போகிறது. அங்கிருந்து முட்டைக்கு வருமா என்று சந்தேகப்படுபவர்கள் 2017இல் ஐரோப்பாவில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். கோழிப் பண்ணைகளில் செல் (கோழியின் இரத்தத்தை உறிஞ்சும் சிறு பூச்சி) ஒழிக்க அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததால் நெதர்லாந்து உட்படப் பல நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகளைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஃபிப்ரோனில் நம் வயல்களில் நெல் குருத்துப்பூச்சிக்குக் குருணை மருந்தாகப் போகிறது. மிச்சம் இருப்பதை எறும்புப் புற்றில் கொட்டுவதும் ஊரில் சகஜம். கார்போஃபியூரான் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லியின் குருணை இன்னும் மோசம்; ஒரு குருவியைக் கொல்ல ஒரு குருணை போதும். குஞ்சுக்கு நொய்யரிசி தூவும் முற்றத்தில் நொய் அளவில் கிடக்கும் விஷம் எதற்கு?

கொதிநீர் அந்த வகையில் சுத்தம். மண்ணில் எந்த மருந்தையும் மிச்சம் வைக்காது. குளிர்ந்த காலையில், வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் ராணியும் முட்டைகளும் மேலே இருக்கும்போது, புற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஊற்ற வேண்டும். ஆனாலும் பல சமயம் ராணி ஆழத்தில் தப்பி, கூட்டம் இரண்டு அடி தள்ளிப் புதுப் புற்று போட்டுவிடும். முருங்கை, வாழை அடியில் ஊற்றினால் வேர் வெந்துவிடும். அவசரத்துக்குத்தான் இது ஏற்றது.

எங்கள் வீட்டில் நிலைத்திருப்பது டப்பா. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர்தான் மருந்து. அரை லிட்டர் வெந்நீரில் ஐந்து கிராம் போரிக் பவுடர், ஐம்பது கிராம் சர்க்கரை. கரைத்துப் பஞ்சில் நனைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைக்க வேண்டும். பக்கவாட்டில் சூடான ஆணியால் துளைகள் போடலாம். எறும்பு நுழைய வேண்டும், அலகு நுழையக் கூடாது. மேலே ஒரு செங்கல். மருந்தைக் கூட்டிப் போட ஆசை வரும். போட்டால் வேலைக்கார எறும்பு புற்றுக்குப் போகும் முன்பே வழியில் செத்துவிடும். மெதுவாகக் கொன்றால்தான் வாயோடு வாயாகப் பகிர்ந்து ராணி வரை போய்ச் சேரும். அதனால் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். பஞ்சு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறையும் உண்டு. நெருப்பெறும்புக்கு எண்ணெய்ப் பசையுள்ள தீனி மிகவும் பிடிக்கும். சில புற்றுகள் சர்க்கரையைச் சீண்டுவதில்லை. அப்போது கடலைப் புண்ணாக்கில் பவுடரைக் கலந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பழக்கம் குறைவு. ஐப்பசி அடைமழையில் டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்தால் எல்லாம் வீண், திண்ணை ஓரத்துக்கு மாற்றியாக வேண்டும்.

அடைக்கோழிக்கு டப்பாவை மட்டும் நம்ப முடியாது. கூடையை முக்காலி மேல் ஏற்றி, அதன் மூன்று கால்களையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்துங்கள். கூடையிலிருந்து ஒரு வைக்கோல் தரையைத் தொட்டால்கூட அதுவே பாலமாகிவிடும். குஞ்சு பொரிக்கும் வாரத்தில் காலையும் மாலையும் குனிந்து பார்க்க வேண்டும்.

முற்றத்தைத் தாண்டி, தூரத்து வரப்பில் இருக்கும் புற்றுகளை நான் தொடுவதில்லை. அவை அங்கே கரையானையும் உண்ணியையும் தின்றுகொண்டு இருக்கட்டும்.